கியர் இல்லாத சைக்கிள் என்று ஒன்று கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் சைக்கிள் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கியர் சைக்கிளுக்கு மூன்று பக்கம் ஒதுக்கிவிட்டு, 'கியர் இல்லாத சாதா சைக்கிள்' என்று கடைசியில் ஒரு பத்தியில் முடித்துவிட்டீர்கள். அதில் ஹேண்டில்பார் உயரம், சீட்டு, கேரியர், எல்லாம் இருந்தது. செயின் ஓடுகிற முன், பின் பல்சக்கரங்களில் எத்தனை பல் என்ற எண்ணிக்கை மட்டும் இல்லை. சாதா சைக்கிளில் கியர் இல்லாமல் இல்லை, ஒரே ஒரு கியர் இருக்கிறது, அவ்வளவுதான். 21 கியர் உள்ளவன் தப்பாகப் போட்டால் மாற்றிக்கொள்வான். நமக்கு அந்த ஒன்று தப்பாக அமைந்தால் வண்டி இருக்கிற வரைக்கும் அதோடுதான் மாரடிக்க வேண்டும். அதனால் கவனமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கட்சி.

எனக்கு ஊர் பாவூர்சத்திரம். மேற்கே தென்காசி, அதற்கும் மேற்கே செங்கோட்டைக் கணவாய். ஆனி, ஆடியில் அந்தக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம், காற்றாலைகள் சும்மா வந்து நிற்கவில்லை. நான் தினமும் தென்காசிக்குச் சைக்கிளில்தான் போகிறேன். மகளின் பள்ளிக்கூடமும் அதே திசையில் நாலு கிலோமீட்டர். காலையில் எதிர்க்காற்று, சாயங்காலம் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது அப்பா காலத்து 28 இஞ்ச் வண்டி. முன்னால் பெடல் பக்கம் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் (மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தானாக ஓடவிடும் பல்சக்கரம்) 18. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பல் கூடினால் மிதிக்க லேசாக இருக்கும் என்று யாரோ சொன்னதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, பெடலைத் தாங்கும் கிராங்கோடு சேர்த்து முன்பல்லை 48 ஆக மாற்றினேன். கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, புது பின் அடித்து, அரைநாள் வேலை. அந்தப் பேச்சு உண்மைதான், ஆனால் அது பின்பல்லுக்கு. முன்னால் கூட்டினால் கனக்கும், பின்னால் கூட்டினால் லேசாகும். இது தெரியாமல் மாற்றியது சித்திரையில், புரிந்தது ஆடியில். அம்மியே பறக்கிற காற்று என்பார்கள், அந்தக் காற்றில் நான் மட்டும் 48 பல்லை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு வாரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து, சக்கர விட்டத்தின் இஞ்சால் பெருக்குங்கள். என் பழைய வண்டி 28 பெருக்கல் 44, வகுத்தல் 18, அதாவது 68 இஞ்ச் சொச்சம். 48 போட்டதும் கிட்டத்தட்ட 75. இதற்கு ஏன் இஞ்ச் என்று பெயர் என்றால், செயினே இல்லாத காலத்தில் முன்னால் ராட்சதச் சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரமுமாக ஒரு வண்டி இருந்ததே, அதில் பெடலைப் பெரிய சக்கரத்தின் அச்சிலேயே பூட்டியிருப்பார்கள், அதன் விட்டத்தைத்தான் இன்றைக்கும் அளவாக வைத்திருக்கிறோம். 68 இஞ்ச் என்றால் ஐந்தடி எட்டங்குல உயரச் சக்கரத்தில் ஏறி உட்கார்ந்து நேரடியாக மிதிப்பதற்குச் சமம். நினைத்துப் பார்த்தாலே மூட்டு வலிக்கும்.

வகுத்தல் பெருக்கல் பிடிக்காதவர்கள் சாக்பீஸ் எடுங்கள். ஒரு பெடலைக் கீழே வைத்து, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேராகக் கோடு போடுங்கள். பெடலைக் கையால் சரியாக ஒரு சுற்றுச் சுற்றி வண்டியை நகர்த்தி, நின்ற இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் டேப் பிடித்தால் ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். என் வண்டி முதலில் 5.46 மீட்டர் ஓடியது, 48 பல்லில் ஏறக்குறைய 6.

சரி, மகள் கதைக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அவளால்தான். பத்தாம் வகுப்புக்குப் போகும்போது 26 இஞ்ச் புது வண்டி வாங்கினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பல்லை எண்ணிப் பார்க்காமல் வாங்கியது நான் செய்த தப்பு, பட்டும் புத்தி வரவில்லை. ஒரு வாரத்தில் முட்டி வலிக்கிறது என்றாள். வாங்கின கடையில் போய்ச் சொன்னால், "போகப் போகப் பிள்ளைக்குக் கால் பழகிரும் அண்ணாச்சி" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எண்ணினேன், முன்னால் 44, பின்னால் 16. ஒரு மிதிக்கு 5.7 மீட்டர். என் பெரிய வண்டியில் முதலில் இருந்த 44 பல் கியரைவிடக் கனமான கியரை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் காலில் கட்டியிருக்கிறார்கள்! எதிர்க்காற்றில் அவள் மணிக்கு 12 கிலோமீட்டர் போவதே பெரிய விஷயம், அந்த வேகத்தில் நிமிஷத்துக்கு 35 சுற்றுதான் மிதிக்க முடியும், அது சைக்கிள் ஓட்டுவது இல்லை, மாடிப்படி ஏறுவது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு இது: தினமும் போகிற பாதையில் எது மோசமான இடமோ, அங்கே சீட்டில் உட்கார்ந்தபடி நிமிஷத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போனால் அந்தக் கியர் உங்களுக்கு ஆகாது. முதுகுக்காற்றில் பறக்கிற வேகத்தைப் பார்த்துக் கியர் முடிவு செய்யாதீர்கள். அங்கே கால் வேகம் பத்தவில்லை என்றால் மிதிக்காமல் விடுங்கள், ஃப்ரீவீல் எதற்கு இருக்கிறது?

எங்கள் தெரு முனையில் சின்னதாக ஒரு சைக்கிள் கடை. அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஃப்ரீவீலில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, இரண்டு காது உள்ள கழற்றியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி திருப்பிக் கழற்றினார். 18 பல் ஃப்ரீவீல் போட்டு, கூலியும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு பல் கூட்டினால் பின்சக்கர அச்சு சுமார் 3 மில்லிமீட்டர் முன்னால் நகர வேண்டும், இரண்டு பல்தானே, இருந்த செயினே போதுமானதாக இருந்தது. மிதிக்கிற பாரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தது. என் வண்டிக்கும் பழைய 44ஐத் திரும்ப மாட்டி, பின்னால் 20 போட்டுக்கொண்டேன், இப்போது 5 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஒரு விஷயம், பழைய செயினில் புது ஃப்ரீவீல் போடுபவர்கள் ஒரு அடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 24 கண்ணி சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். நீண்டிருந்தால் செயினையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுப் பல்லைத் தின்றுவிடும்.

இளவட்டங்களுக்கும் ஒன்று. சென்னையில் அக்கா மகன் ஃபிக்ஸி வைத்திருக்கிறான். அதில் ஃப்ரீவீலே கிடையாது, சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். 48க்கு 16. இத்தாலியின் பந்தய வீரர் ஃபிலிப்போ கன்னா 2022இல் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டியபோது வைத்திருந்தது 65க்கு 14 என்று எனக்கே பாடம் எடுத்தான். அது சுவிட்சர்லாந்தில் கிரென்ஹென் ஊரின் உள்ளரங்கத் தடம் தம்பி, அங்கே சிக்னலும் இல்லை, குறுக்கே மாடும் வராது. ஆனால் அவன் வண்டியில் லேசான கியர் போடு என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் மாட்டேன். மேம்பாலத்தில் 40 வேகத்தில் இறங்கும்போது அவன் கால் இப்போதே நிமிஷத்துக்கு 106 சுற்றுகிறது, என் மகளின் கியரை அதில் போட்டால் 130ஐத் தொடும், கால் பெடலை விட்டுவிட்டால் கதை முடிந்தது. அவனுடைய உண்மையான வியாதி வேறு. 48ஐ 16 ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3, அதாவது பெடல் ஒரு சுற்று முடிக்கும்போது சக்கரம் சரியாக மூன்று சுற்று முடித்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துப் பெடலைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துகிறவனுக்கு, ஒவ்வொரு முறையும் டயரில் ஒரே இடம்தான் தேயும். இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் நூல் தெரிந்து டயர் வெடித்தது. பின்னால் ஒரே ஒரு பல் கூட்டி 17 போடச் சொன்னேன், தேய்மானம் 17 இடத்துக்குப் பிரிந்துவிடும், மிதிக்கவும் கொஞ்சம் லேசு. கூடவே முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக்கும் போடச் சொன்னேன். பல்லை மாற்றினான், பிரேக் அழகைக் கெடுக்கிறதாம்.

டூர் டி பிரான்ஸ் பந்தயம் ஓட்டியவர்களே 1937க்கு முன்பு ஓடும்போது கியர் மாற்றும் கருவியை உபயோகிக்க அனுமதி இல்லாமல், மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பெரிய பல் செயினில் வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். நாம் வருஷத்தில் ஒரு தடவை ஃப்ரீவீல் மாற்ற ஏன் இவ்வளவு யோசிக்கிறோமோ.

அடுத்த முறை சைக்கிள் அட்டவணை போடும்போது விலை, நிறத்தோடு முன்பல், பின்பல் என்று இரண்டு கட்டம் சேருங்கள். விற்கிறவர்கள் சொல்லாவிட்டால் உங்கள் ஆளே எண்ணிவிடலாம், ஒரு நிமிஷ வேலை.

மகள் இப்போது 18ம் பத்தவில்லை, உங்களுக்கு மாதிரி 20 போடுங்கள் என்கிறாள். கணக்குப் போட்டால் அவள் சொல்வதுதான் சரி, அந்த 12 வேகத்தில் இப்போதும் 40ஐத் தொடவில்லை. அச்சு நகர இனி இடமில்லை, செயினில் கண்ணி சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
பாவூர்சத்திரம்.