டிஎக்ஸ் இல்லாத கரும்பலகை

காட்பாடி

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்தது. ஓசூரில் மழை என்று எழுதி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய். இங்கே வெயில் இறங்குகிற வழியைக் காணோம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. பெரியவன் ப்ளஸ் டூ. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

"காலேஜில் கணக்கு நடத்திக்கொண்டே ஷூட்டிங்குக்கும் ஓடுகிறாயே, நடிப்பா, கணக்கா, ஒன்றைப் பிடித்துக்கொள்ளேன்டி" என்கிறாய். கூடவே டானிகா மெக்கெல்லரை வேறு உதாரணம் காட்டுகிறாய். எனக்கும் அவரைப் பிடிக்கும். 1988 முதல் 1993 வரை அமெரிக்க டிவி தொடரில் நடித்த பெண். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் கணிதம் படித்து, தன் பேராசிரியரோடும் சக மாணவியோடும் சேர்ந்து காந்தப் பொருள்கள் தொடர்பான ஒரு தேற்றத்தை நிறுவினார். அது மூன்று பேர் பெயரிலும் வழங்குகிறது. பெரிய விஷயம்தான். ஆனால் ஒரே வாரத்தில் ரியல் அனாலிசிஸ் போர்ஷனும் அம்மா வேஷமும் சேர்ந்து வந்தால் தெரியும் சேதி! கு. ஞானசம்பந்தன் சாரைச் சொல், ஒத்துக்கொள்கிறேன். மதுரை தியாகராசர் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே படங்களிலும் வந்தவர்.

என் எதிரி டே ஆர்டர்தான். எங்கள் டைம்டேபிள் கிழமைப்படி ஓடாது, வேலை நாளை ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் ஓடும். "வியாழக்கிழமை மதியம் ஃப்ரீ" என்று ஷூட்டிங்குக்கு ஆள் கூப்பிடுகிற கோ-ஆர்டினேட்டரிடம் சொல்லிவைக்க முடியாது. இந்த வியாழன் டே ஆர்டர் மூன்று என்றால், நடுவில் ஒரு லீவு விழுந்ததும் அடுத்த வியாழன் இரண்டு. சினிமாக்காரர்களோ நாளைக்கு ஷூட்டிங் உண்டா என்பதையே முந்தின ராத்திரிதான் சொல்வார்கள். கேஷுவல் லீவு வருஷத்துக்கு 12. பாதி கல்யாணம், காதுகுத்துக்கே போய்விடும். செம்பரம்பாக்கம் பக்கம் செட் போட்டால் பிழைத்தேன், ஹைவேயிலேயே போய் இறங்கலாம். வடபழனி, சாலிகிராமம் என்றால் விடியற்காலை ரயில், திரும்ப ராத்திரி பெங்களூர் மெயில். மறுநாள் முதல் ஹவரில் எப்சிலான்-டெல்டா நிரூபணம். பிள்ளைகள் முகத்தில் இருக்கிற தூக்கம் என் முகத்திலும்.

போன மாதம் ஒரு வெப் சீரிஸில் என்னைக் கணக்கு டீச்சராகவே போட்டார்கள். இதிலாவது சிரமமில்லை என்று நினைத்துப் போனால், ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன்கள் போர்டு நிறைய எழுதிவைத்திருக்கிறார்கள். தொகையீட்டுக் குறி இருக்கிறது, எக்ஸ் ஸ்கொயர் இருக்கிறது, எந்த மாறியை வைத்துத் தொகையிடுகிறோம் என்று காட்டுகிற டிஎக்ஸைக் காணோம். விடையின் கடைசியில் கூட்ட வேண்டிய மாறிலி சி-யும் இல்லை. சாக்பீஸை எடுத்தேன். "ஐயோ மேடம், தொடாதீங்க! காலையில எடுத்த ஷாட்ல அது இல்ல" என்று கன்டின்யூட்டி பார்க்கிற பெண் ஓடி வந்தாள். டைரக்டரிடம் போனேன். "அதை யாரு மேடம் பார்க்கப்போறாங்க?" என்றார். என் செகண்ட் இயர் பிள்ளைகள் பார்ப்பார்களே! அசைன்மென்டில் டிஎக்ஸ் விட்டதற்கு எத்தனை பேருக்கு மார்க் குறைத்திருக்கிறேன்! கடைசியில் அந்த மூலையைத் தோளால் மறைத்தபடியே எல்லா டேக்கிலும் நின்றேன். "பொசிஷன் சூப்பர் மேடம்" என்று கேமராமேன் பாராட்டினார்.

அங்கே அடிக்கடி வாங்கிக் கட்டிக்கொள்வது, "மேடம், பாடம் நடத்தாதீங்க, பேசுங்க" என்பதற்குத்தான். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமென்று வளர்த்த குரலாச்சே. மைக் புடவைக்குள்ளேயே இருக்கிறது என்பது மறந்துபோகும். ஆனால் ஒன்று, இப்போது வகுப்பில் ஒரு நிரூபணத்தின் முக்கியமான படி வரும்போது குரலை இறக்கிவிடுகிறேன். கத்தினால் அடங்காத வகுப்பு அதற்கு அடங்குகிறது.

நிஜமாகவே ஒன்றை விட வேண்டி வந்தால் நடிப்பைத்தான் விடுவேன், சந்தேகமே இல்லை. சம்பளம் மாசக் கடைசியில் வருகிறது. சினிமா செக் எப்போது வரும் என்று தயாரிப்பாளருக்கே தெரியாது. அப்படி ஒரு நிலை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒரு நீதிபதி வேஷம் வந்திருக்கிறது, உட்கார்ந்தே இருக்கலாம்.

செமஸ்டர் முடிந்ததும் சேர்க்காட்டுப் பல்கலைக்கழகத்தில் பேப்பர் திருத்தப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போ. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிவைக்கிறேன். உன் மகள் எம்.எஸ்சி.க்கு எங்கே சேர்ந்தாள் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
கலா