பூமிக்கான கூட்டுத் தியானம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன முறை அறிக்கை ரொம்ப நீளம் என்று பலரும் சொன்னதால் இந்த முறை முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

வாராந்திர அமர்வுகள் பெரும்பாலும் தடையில்லாமல் நடந்தன. ஆனால் "பூமி முழுவதையும் மனதில் நிறுத்துங்கள், எல்லா உயிர்களுக்கும் நன்மை வேண்டுங்கள்" என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் பாதிப் பேருக்கு மனம் எங்கோ போய்விடுகிறது, மீதிப் பேருக்குக் கொட்டாவி. உட்கார்ந்து நினைப்பதற்குப் பூமி ரொம்பப் பெரிய பொருள். அதனால் அமர்வுக்கு ஒரே ஒரு பொருள், அதுவும் கையில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது இந்த மாற்றம்தான் என்பேன்.

மார்ச் 22 அன்று உலகத் தண்ணீர் நாளும், உலகெங்கும் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்து வைக்கும் புவி நேரமும் சேர்ந்தே வந்தன. இரவு 8.30 முதல் 9.30 வரை விளக்கை அணைத்துவிட்டு ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உலகத்துத் தண்ணீரில் நன்னீர் சுமார் 2.5 சதவீதம்தான், அதிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, வழிநடத்தியவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கழிவறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. அது எப்போதிருந்தோ சொட்டிக்கொண்டிருந்த குழாய்தான், யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டாலே நாளைக்கு 20 லிட்டர் போல வீணாகும். மறுநாளே வாஷர் மாற்றியாயிற்று. இது தியானத்தின் பலனா, விளக்கை அணைத்ததன் பலனா என்று இன்னும் சிலர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், குழாய் நின்றதே போதும் என்று நான் ஒதுங்கிவிட்டேன்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்கு இந்த ஆண்டுக் கருப்பொருள் பிளாஸ்டிக் மாசு. அவரவர் வீட்டில் அன்று சேர்ந்த பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து நடுவில் குவித்துச் சுற்றி உட்கார்ந்தோம். மின்விசிறிக் காற்றில் கவர்கள் சரசரவென்று பறக்க, சிரிப்புதான் வந்தது, அமைதி வரவில்லை. இனி இது வேண்டாம்.

டிசம்பர் 5 மண் நாள் அமர்வு அதற்கு நேர்மாறு. கண்ணை மூடியபடி ஈர மண்ணை ஆளுக்கொரு கைப்பிடி வாங்கிக்கொண்டோம். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம், நல்ல மண்ணில் ஒரு கைப்பிடிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் உலக மக்கள்தொகையைவிட அதிகம், இதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. ஒருவர் கையில் மண்புழு நெளிந்தது. அவர் கத்தவும் இல்லை, உதறவும் இல்லை, மணி அடிக்கும்வரை அப்படியே வைத்திருந்துவிட்டு வெளியே போய்ச் செடியடியில் விட்டார்.

ஐ.நா. 2024இல் அறிவித்த உலகத் தியான நாளான டிசம்பர் 21 அன்று புதியவர்கள் நிறையப் பேர் வந்தார்கள், அப்புறம் தொடர்ந்து வருவது சிலர்தான்.

சும்மா உட்கார்ந்தால் பூமி சரியாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு என்றிருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது, நாம் கண்ணை மூடினால் அது இறங்காது, இறங்கும் என்று நாம் சொன்னதும் இல்லை. அதற்காகத்தான் அமர்வு முடிந்ததும் ஒவ்வொருவரும் வீட்டில் மாற்றப்போகும் ஒன்றைச் சொல்வது என்று கொண்டுவந்தோம். அது போகப்போக விசாரணைக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது, கார் வைத்திருப்பவர்கள் வாய் திறக்கவே தயங்கினார்கள். புகார் வந்தது, நியாயமான புகார். இப்போது பேச விரும்புகிறவர்கள் மட்டும் இருந்து பேசுகிறார்கள், மற்றவர்கள் கிளம்பலாம்.

வழிநடத்த இருவர்தான் இருக்கிறார்கள், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் இன்னொருவர்மேல் முழுப் பாரமும் விழுகிறது. பழகிக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும். பாய்களைத் துவைக்கும் முறைப்பட்டியலிலும் சில வாரங்கள் காலியாக இருக்கின்றன. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்