தாலினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நேற்று தம்பி வேலையை விட்டுத் தொழில் தொடங்குகிற பேச்சை நான் எடுத்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே நவம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. இருட்டில் நடந்து போகிறவர்கள், வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற சின்ன வில்லை ஒன்றை உடுப்பில் தொங்கவிட வேண்டும். எஸ்தோனியாவில் அது சட்டம். ‘ஹெல்குர்’ என்கிறார்கள். என் கோட்டுப் பையில் ஒரு நூலில் கட்டி வைத்திருக்கிறேன். தூரத்தில் ஆள் தெரியாது, முழங்கால் உயரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும் ஆடி ஆடி வரும். கறுப்பு ரொட்டியும் பழகிவிட்டது, அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயோடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டின் ஜனத்தொகை மொத்தமே 14 லட்சத்துக்குள்தான். நம் திருப்பூர் மாவட்டத்தைவிடக் குறைவு. இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர், கிறிஸ்டோ கேர்மனும் டாவெட் ஹின்ரிகுஸும், லண்டனில் வேலை பார்த்தார்கள். கிறிஸ்டோ 2008-ல் தன் போனஸ் பணம் 10,000 பவுண்டை ஊருக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்ததில் சுமார் 500 பவுண்டு குறைந்தது. கமிஷன் என்று எடுத்தது கொஞ்சம்தான். மீதி போனது மாற்று ரேட்டில். சந்தை ரேட் ஒன்று, அவருக்குக் கொடுத்த ரேட் வேறொன்று.

டாவெட்டுக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். கிறிஸ்டோவுக்குச் சம்பளம் பவுண்டில், வீட்டுக்கடன் இங்கே யூரோவில். அதனால் மாதாமாதம் சந்தை ரேட்டைப் பார்த்து, லண்டன் கணக்கில் கிறிஸ்டோ டாவெட்டுக்குப் பவுண்டு போடுவார், இங்கே டாவெட் கிறிஸ்டோவுக்கு யூரோ போடுவார். பணம் எல்லையே தாண்டாது. மஸ்கட்டில் இருந்த மாமா உண்டியலில், அதாவது ஹவாலாவில், அனுப்பினாரே, அதுவும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதையே லைசென்ஸ் வாங்கி, கணக்கு காட்டி, 2011-ல் கம்பெனியாக்கினார்கள். அப்போது இருவருக்கும் வயது முப்பதையொட்டித்தான். பத்தே வருஷத்தில், 2021 ஜூலையில், அந்த ‘வைஸ்’ லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு சுமார் 800 கோடி பவுண்டு.

தம்பிக்கும் அப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களைப்போலவே அவனும் ஆரம்பித்தது சொந்தக் கஷ்டத்திலிருந்துதான் அப்பா, நம் வீட்டில் பார்த்த கஷ்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் நாடாக் கட்டிலில் பில் கட்டைப் பிரித்து வைத்து, எந்தப் பார்ட்டி எவ்வளவு தர வேண்டும் என்று கூட்டிக்கொண்டிருப்பீர்கள். பார்ட்டிக்குச் செய்து கொடுத்த ஜாப் ஒர்க் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும், செக் வந்திருக்காது. சட்டப்படி 45 நாளில் தர வேண்டிய பணம். மறுநாள் சம்பளம் போட்டாக வேண்டும். அம்மா வளையலைக் கழற்றித் தந்த அன்று தம்பி தட்டில் தோசையை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான். சாப்பிடவில்லை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அவன் செய்ய நினைப்பது இதுதான். ரிசர்வ் வங்கி அனுமதியோடு ‘டிரெட்ஸ்’ என்று தளங்கள் இருக்கின்றன. பில்லை அதில் ஏற்றி, பார்ட்டி ஒத்துக்கொண்டால், வங்கிகள் போட்டி போட்டு ரேட் சொல்லும். கொஞ்சம் கழிவு போக, பணம் ஓரிரு நாளிலேயே நம் கணக்குக்கு வரும். தவணை நாளில் பார்ட்டி வங்கிக்குக் கட்டிவிடுவார். நம்மைப் போன்ற சின்ன யூனிட்டுகளை அதில் சேர்த்துவிட்டு, பில் வேலையைத் தமிழிலேயே போனில் முடித்துத் தருவதுதான் இவன் தொழில். இவன் கடன் கொடுக்கப் போவதில்லை, நீங்கள் பயப்படுவதுபோல வட்டிக்கடையும் இல்லை.

சிக்கல் பார்ட்டி ஒத்துக்கொள்வதில்தான். சின்ன பார்ட்டிகள் இதற்குள் வரவே தயங்குவார்கள். அதை அவனிடம் நானே கடுமையாகச் சொல்லிவிட்டேன். நான் வேலை பார்ப்பதும் பணம் அனுப்பும் கம்பெனியில்தான். அனுப்புகிறவர் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று சரிபார்ப்பதே என் பிரிவின் வேலை. ஆப் எழுதுவது சுலபம், இந்தச் சரிபார்ப்பில்தான் பல பேர் விழுகிறார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு ராத்திரி வீடியோ காலில் அவனோடு உட்கார்ந்து அதையெல்லாம் கற்றுக்கொடுக்கிறேன். நன்றாகவே பிடித்துக்கொள்கிறான்.

ஒரு வருஷம் அவனுக்குக் கொடுங்கள் அப்பா. அவன் சம்பளத்தில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தொகையை நான் சேர்த்து அனுப்புகிறேன். இன்னொன்றும் வேண்டும். எந்தப் பார்ட்டி எத்தனை நாளில் பணம் தந்தார் என்று நீங்கள் எழுதிவரும் பச்சை அட்டை நோட்டு அவனுக்குத் தேவைப்படுகிறது. கேட்கப் பயந்துகொண்டு என்னைக் கேட்கச் சொன்னான். பீரோ மேல்தட்டிலிருந்து எடுத்து அவன் மேசையில் வைத்துவிடுங்கள். பேசக்கூட வேண்டாம்.

அம்மாவிடம் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவள்