சென்னை பாரிஸ் கார்னர்ல சாயங்காலம் சாப்பிடறவங்களுக்கும் கொஞ்சம் ரோடு குடுங்க: மாநகராட்சிக்கும் போக்குவரத்து துறைக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்,

மண்ணடில குடியிருக்கற ஆள் எழுதறேன். ஜார்ஜ் டவுன்னாலே நெரிசல், ஆக்கிரமிப்புன்னு தான் எல்லாரும் பேசறாங்க. நெரிசல் இருக்கு, இல்லன்னு சொல்லவே இல்ல. ஆனா ஒரு நாள் சாயங்காலம் செகண்ட் லைன் பீச் தெரு பக்கம் நடந்து வாங்க, பர்மா நூடுல்ஸ் விக்கற ஒரு அத்தோ வண்டி எவ்ளோ இடம் பிடிக்குது, அதுக்கு முன்னாடி வரிசையா நிக்கற பைக்கும் காரும் எவ்ளோ இடம் பிடிக்குதுன்னு நீங்களே பாருங்க.

அந்த அத்தோ சும்மா வந்த சாப்பாடு இல்ல. 1962ல பர்மால ராணுவ ஆட்சி வந்து, கடை சொத்து எல்லாத்தையும் விட்டுட்டு கப்பல் ஏறி வந்த நம்ம ஜனங்க கையோட கொண்டு வந்தது. அங்க மீன் போட்டு செய்யற மொஹிங்கா இங்க வெறும் வாழைத்தண்டு சூப்பா மாறிடுச்சு, நூடுல்ஸ்ல முட்டைகோஸ், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், காரப்பொடி எல்லாம் போட்டு கையாலயே பிசைஞ்சு மேல மொறுமொறுன்னு பொரிச்சத நொறுக்கி போட்டு குடுப்பாங்க, பர்மாக்காரங்களுக்கே இது புதுசா தான் இருக்கும்னு நினைக்கறேன். அந்தப்பக்கம் மின்ட் தெருல முறுக்கு சாண்ட்விச், ரெண்டு முறுக்குக்கு நடுவுல வெள்ளரி தக்காளி வெங்காயம் பச்சை சட்னி. மார்வாடி குஜராத்தி குடும்பங்களும் தமிழ் குடும்பங்களும் ஒரே தெருல வாழ்ந்ததால வந்த ருசி அது. இப்போ எல்லாத்துலயும் சீஸ் துருவி போடறாங்க, எங்க பில்டிங்ல பெரியவங்களுக்கு அது சுத்தமா பிடிக்கல, காலேஜ் பசங்க அதுக்காகவே தாம்பரத்துல இருந்து வராங்க. எனக்கும் சீஸ் வேணாம் தான், ஆனா கலந்து சாப்பிடறது இந்த ஊரோட குணம், அத யாரும் நிறுத்த முடியாது.

இப்போ வரி விஷயத்துக்கு வரேன். 2023 நவம்பர்ல சாலை வரிய ஏத்தினீங்க. ஒரு லட்சம் வரைக்கும் பைக்குக்கு 10%, அதுக்கு மேல 12%, 20 லட்சத்துக்கு மேல போற காருக்கு 20%. பெட்ரோலுக்கு தனியா 13% வாட், அதுக்கு மேல லிட்டருக்கு 11 ரூபா 52 காசு. டெலிவரி வேலை பாக்கற பையன் இத எல்லாம் கட்டிட்டு தான் வண்டி ஓட்றான், அவனுக்கு இது பெரிய தொகை. ஆனா சாலை வரிய வாங்கும்போது ஒரு தடவ கட்டினா முடிஞ்சுது, அதுக்கப்புறம் அந்த பெரிய கார் இருக்கறதுலயே நெருக்கமான தெருல சாயங்காலம் நாலு மணி நேரம் நின்னாலும் சரி, ஊர் ஓரத்துல வீட்டு வாசல்ல நின்னாலும் சரி, ஒரே வரி தான். இது எனக்கு நியாயமா தெரியல. சிங்கப்பூர்ல 1975லயே நெரிசலான நேரத்துல டவுனுக்குள்ள கார் வந்தா காசுன்னு வச்சாங்க, தெருவுல வித்தவங்களுக்கு தண்ணி, கழிவு வசதியோட ஹாக்கர் சென்டரும், அதாவது பொதுவான சாப்பாட்டுக்கடை கூடமும் கட்டி குடுத்தாங்க. ரெண்டையும் செஞ்ச ஊர் அது.

நாங்க கேக்கறது இது தான். செகண்ட் லைன் பீச்ல ஒரு துண்டு மட்டும், சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் கார் பைக் நிறுத்தாம விடுங்க. ஹைகோர்ட், மண்ணடி ரெண்டு இடத்துலயும் மெட்ரோ இருக்கு, பீச் ஸ்டேஷன் எதிர்லயே இருக்கு, வண்டி இல்லாம வர வழி இருக்கு. சுத்தி இருக்கற தெருல கார் நிறுத்தறவங்க கிட்ட நல்லா கட்டணம் வாங்குங்க, லோடு வண்டி, ஆட்டோ, மாற்றுத்திறனாளிங்க வண்டிக்கு விலக்கு குடுங்க. வர்ற காச இந்த தெருலயே செலவு பண்ணுங்க. குடிதண்ணி குழாய், பாத்திரம் கழுவற தண்ணி போக வழி, குப்பை தொட்டி, பொம்பளைங்க பயமில்லாம போற மாதிரி ஒரு டாய்லெட், நாலு பெஞ்ச். பாண்டி பஜார்ல 2019ல நடைபாதைய அகலமா போட்டீங்க, ஜனங்க குடும்பத்தோட நடக்கறாங்க, நல்ல வேலை. ஆனா தெருக்கடைங்கள 2013லயே கட்டடத்துக்குள்ள அனுப்பியாச்சு. இங்கயும் அப்படி செஞ்சா வர்றதுக்கே காரணம் போயிடும், தயவுசெஞ்சு வண்டிக்கடைய எடுத்துட்டு தெருவ அழகாக்காதீங்க.

எதிர்ப்பும் இருக்கு. மேல் மாடில இருக்கறவங்க புகை, சத்தம், ராத்திரி மீந்து போனத ரோட்டுல கொட்றதுன்னு சொல்றாங்க, அது முழுக்க உண்மை. அவங்க தூக்கம் முக்கியம், பத்து மணின்னா பத்து மணிக்கு அடுப்பு அணையணும். மொத்த வியாபாரம் பண்றவங்க லோடு இறக்க முடியாதுன்னு பயப்படறாங்க, அவங்க கிட்ட நேரம் கேட்டு தான் முடிவு பண்ணணும்.

2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி தெருக்கடை விஷயங்கள பேசற டவுன் வெண்டிங் கமிட்டில 40 சதவீதத்துக்கு குறையாம வியாபாரிங்க இருக்கணும், கணக்கெடுப்பு முடியாம யாரையும் அப்புறப்படுத்தவும் கூடாது. அந்த கமிட்டில இந்த விஷயத்த எடுத்து பேசுங்க, பேசற அன்னிக்கு அத்தோ போடற அக்காவையும் மாடில தூங்க முடியாம இருக்கற தாத்தாவையும் சேர்த்து கூப்பிடுங்க. தேதிய மட்டும் ஒரு வாரம் முன்னாடி சொல்லிடுங்க, கடைய லீவு விட்டுட்டு வரணும் இல்லயா.

இப்படிக்கு,
மண்ணடில இருந்து ஒரு குடியிருப்பாளர்