மூன்றாம் ஆண்டுக்கு வெள்ளிக்கிழமைத் தேர்வு வேண்டாம்: பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கு,

வணக்கம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தேர்வு நடத்தவும், அதற்கெனப் பயிற்சி நூல் வாங்கவும் செயலவை எண்ணியிருப்பதாக அறிந்தேன். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் துணையாகச் சென்ற வாரம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த தாய் என்ற முறையில், அம்முடிவைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வாரத்து அறிவியல் பாடம் தாவரங்களின் இனவிருத்தி. திங்கட்கிழமை சபைக்கூடலுக்குப் பிறகு ஆசிரியை பாடத்தைத் தொடங்கிவைத்து, வீட்டருகே கிடைப்பதைக் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் மரவள்ளித் தண்டும் வாழைக்கன்றும் வந்து சேர்ந்தன. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், தோட்டத்துச் செம்பனை மரத்தில் ஒட்டி வளர்ந்த, பூவும் விதையும் இல்லாத பெரணிச் செடியின் இலையைக் கொண்டுவந்திருந்தான். அதைத் திருப்பிப் பார்த்தால் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். வெள்ளைத்தாளில் தட்டியதும் மெல்லிய தூள் உதிர்ந்தது. “விதையே இல்லாம இது எப்படி மரத்து மேல ஏறிச்சு, டீச்சர்?” என்று கேட்டான். ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. கேள்வியை அப்படியே வெண்பலகையில் எழுதிவைத்தார். காற்றா, பறவையா, எறும்பா என்று இரண்டு நாள் வாதாடிய பிறகே, அந்தத் தூள்தான் சிதல்விதை என்பதும் காற்று அதைச் சுமந்து செல்லும் என்பதும் பாடமாயின. வியாழக்கிழமை அவன் தானாகவே நான்கு வரி எழுதி, தடுமாறியபடியே வாசித்தும் காட்டினான். ரகர றகரப் பிழைகள் நிறையவே இருந்தன. திங்களன்று ஒரு பத்தியைக்கூட முடிக்க இயலாதவன் அவன். வெள்ளிக்கிழமை எல்லாருடைய எழுத்தும் சுவரில் ஏறியது. பள்ளி சீக்கிரம் முடியும் அந்த நாளில் தேர்வு விழுங்கப்போவது இந்த நேரத்தைத்தான்.

கணிதத்தில் ஏழாம், எட்டாம் வாய்பாட்டில் பலர் திணறுவது உண்மை. ஆனால் யாருக்கு எது வரவில்லை என்பது ஆசிரியைக்கு ஏற்கெனவே தெரியும். அதைத் தெரிந்துகொள்ளக் காசு கொடுத்து நூல் வாங்கத் தேவையில்லை.

முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகளை 2019இல் மலேசிய அரசே நீக்கியது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த, 1988இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வும் 2021இல் நிறுத்தப்பட்டது; அதன் பிறகு நான்காம் ஆண்டிலிருந்துதான் ஆண்டிறுதித் தேர்வு கொண்டுவரப்பட்டது. இருந்தும் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆசிரியர் வகுப்பிலேயே செய்யும் வகுப்புசார் மதிப்பீட்டின் அறிக்கையில் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை எண் மட்டும் வருகிறது. 3 என்றால் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று எங்களுக்கு யாரும் விளக்கியதில்லை. இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி தடையாகி, முதல் படிவத்திற்கு முன் ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் புகுமுக வகுப்பில் உட்கார நேருமோ என்ற கவலை அதோடு சேரும்போது, மதிப்பெண் போட்ட தாள் ஒன்று கையில் இருந்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது.

எனவே, தோட்ட வேலை முடிந்து வருவோருக்கு ஏற்றவாறு ஒரு மாலையில் பெற்றோரை அழைத்து, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களையே முன்வைத்து அந்த அடைவுநிலைகளை விளக்க ஆசிரியர்களுடன் பேசி ஏற்பாடு செய்யுங்கள். பயிற்சி நூலுக்கு ஒதுக்க எண்ணிய பணத்தில் எளிய தமிழ், மலாய்க் கதைப்புத்தகங்களும் சில உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் வாங்கலாம். அந்த வகுப்பில் இப்போது உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. இவ்விரு கோரிக்கைகளையும் அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
சுங்கை சிப்புட், பேராக்