உள்ளே நகர்வதும் உதவிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகள் திறந்துவிட்டன. காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை வரை சென்னையின் நகரப் பேருந்துகளில் இனி காலூன்றவும் இடமிருக்காது. பேருந்துகள் போதவில்லை என்பது உண்மை. கூடுதல் வண்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் ஓடுகிற வண்டிக்குள் எழுபது எண்பது பேர் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. உதவும் மனம் நம் பயணிகளிடம் நிறையவே இருக்கிறது. முறை தெரியாததால்தான் அந்த உதவி பல நேரம் பாதியில் வீணாகிறது. நடத்துநர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து, அந்த வேலை கற்றுக்கொடுத்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் படிக்கட்டு. மற்றச் சிக்கல்களில் பாதி அங்கேதான் பிறக்கின்றன. கூட்டமான பேருந்தை வெளியிலிருந்து பாருங்கள். இரண்டு வாசலிலும் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் இன்னும் ஐந்தாறு பேர் நிற்க இடமிருக்கும். உள்ளே போனால் இறங்க முடியாதோ என்ற பயம்தான் எல்லாரையும் வாசலில் நிறுத்திவைக்கிறது. படியில் நிற்பவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீழே இறங்கி, வழிவிட்டு, மறுபடி ஏற வேண்டும். இதற்கு ஒரு நிறுத்தத்தில் அரை நிமிடம் கூடுதலாகப் பிடித்தாலும், முப்பது நிறுத்தம் உள்ள தடத்தில் கால் மணி நேரம் போய்விடும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி போன்ற தடங்களில் அடுத்து நடப்பதைத் தினமும் பார்க்கலாம். முன்வண்டி தாமதிக்கத் தாமதிக்க, வரப்போகும் நிறுத்தங்களில் ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. ஆள் சேர்வதால் இன்னும் தாமதம். பின்வண்டிக்கோ ஏற ஆளில்லை. அது சீக்கிரமே வந்து முன்வண்டியைப் பிடித்துவிடுகிறது. வெகுநேரம் ஒன்றும் வராமல், பிறகு ஒரே எண்ணில் இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்தாற்போல் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே நான்கடி உள்ளே நகர்வது, இன்னும் வராத நிறுத்தத்தில் வெயிலில் நிற்பவருக்குச் செய்யும் உதவி. பின்னாலேயே அதே எண் வண்டி வருவது தெரிந்தால், முன்வண்டியில் தொங்காமல் அதில் ஏறுங்கள். பெரும்பாலும் உட்காரவே இடம் கிடைக்கும்.

இறங்க முடியாமல் போகுமோ என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. இரண்டு நிறுத்தம் முன்பே நகரத் தொடங்க வேண்டும். "வழி விடுங்க" என்று முதுகில் இடிப்பதைவிட, முன்னால் நிற்பவரிடம் "நீங்க எங்க இறங்கணும்?" என்று கேட்பது நல்லது. அவரும் அங்கேயே இறங்குகிறவர் என்றால் அவர் பின்னால் நின்றால் போதும். இல்லையென்றால் இருவரும் பக்கவாட்டில் திரும்பி இடம் மாறிக்கொள்ளலாம். இதையும் வண்டி நிற்கும்போது செய்ய வேண்டும். ஓடும்போது கம்பியிலிருந்து கையெடுக்கக் கூடாது.

படியில் தொங்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 123 படியில் பயணம் செய்வதைத் தடைசெய்கிறது. சட்டத்தைவிட முக்கியமான காரணம் ஓட்டுநரின் இடதுபக்கக் கண்ணாடி. முன்படியில் இருவர் வெளியே சாய்ந்தாலே அந்தக் கண்ணாடியில் அவர்கள் முதுகுதான் தெரியும். பின்வாசலில் ஒரு பாட்டி ஒரு காலை மட்டும் படியில் வைத்திருப்பதும், இடதுபக்கம் நுழையும் இருசக்கர வண்டியும் ஓட்டுநர் கண்ணுக்குப் படாது. அந்த நேரத்தில் நடத்துநரின் விசில் ஒன்றைத்தான் அவர் நம்ப முடியும்: ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு. அதனால்தான் பயணிகள் யாரும் விளையாட்டுக்குக்கூட "போலாம் ரைட்" என்று குரல் கொடுக்கவோ, விசிலடிக்கவோ, வண்டியைத் தட்டவோ கூடாது. ஏறிக்கொண்டிருப்பவர் விழுவது இப்படித்தான்.

இருக்கை விட்டுக்கொடுப்பதற்கும் நேரம் உண்டு. வண்டி நிறுத்தத்தில் நிற்கும்போதே எழுந்து கொடுத்துவிடுங்கள். புறப்பட்ட பிறகு நல்ல மனதோடு அழைத்தால், அந்தப் பெரியவர் ஓடும் வண்டியில் கம்பியை விட்டுவிட்டு நடந்து வர வேண்டியிருக்கும். ஒரு பிரேக் போதும். எழுந்ததும் தள்ளிப் போய்விடாதீர்கள். அவர் வந்து உட்காரும் வரை இருக்கையின் முன்னாலேயே நில்லுங்கள், இல்லையென்றால் வேறொருவர் அமர்ந்துவிடுவார். பொதுவாக "யாராவது உக்காருங்க" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "அம்மா, நீங்க இங்க வாங்க" என்று ஒருவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எந்த இருக்கை என்பதும் முக்கியம். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகள் வேகத்தடையில் தூக்கிப் போடும். கர்ப்பிணிகளுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள வரிசைதான் ஏற்றது. இன்ஜின் முன்னால் உள்ள வண்டியில் அதன் சூடும் அங்கே வராது. பார்வைக்குத் திடமாகத் தெரியும் ஒருவர் இருக்கை கேட்டால் காரணம் கேட்காதீர்கள். டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறவருக்கும், தையல் பிரிக்காத வயிற்றோடு வருகிறவருக்கும் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது.

உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை மடியில் வாங்கிக்கொள்வது நம் ஊரின் மிக அழகான பழக்கம். முதுகில் மாட்டிய ஒரு பள்ளிப் பை இன்னொரு ஆள் நிற்கும் இடத்தை அடைக்கிறது. திரும்பும்போதெல்லாம் யார் முகத்திலாவது இடிக்கிறது. "பையைக் குடு கண்ணு" என்று ஒருவர் சொன்னால் இரண்டு பேருக்கு நிம்மதி. ஆனால் இதிலும் தவறு நடக்கிறது. பிள்ளை ஒரு வாசலில் இறங்கிவிடும், பை இன்னொருவர் மடியிலேயே போய்விடும். வாங்கும்போதே எந்த நிறுத்தம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நிறுத்தத்தில் பையைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு பைக்கு மேல் வாங்க வேண்டாம், நீங்கள் எழுந்திருக்க முடியாது. சாப்பாட்டுப் பையை நிமிர்த்தி வையுங்கள். சாம்பார் கசிந்தால் ஒரு நோட்டுப் புத்தகமே போகும். யாருடையது என்று தெரியாத பையை மட்டும் வாங்கவே கூடாது.

பார்வையற்றவர் நிறுத்தத்தில் நின்றால், வண்டி எண்ணையும் அது போகும் ஊரையும் உரக்கச் சொல்லுங்கள். வெறும் "வந்துடுச்சு" அவருக்குப் பயன்படாது. கையைப் பிடித்து இழுக்கவோ, வெள்ளைக் கோலைப் பற்றவோ கூடாது. அந்தக் கோல்தான் அவருக்குப் படியின் விளிம்பைக் காட்டுகிறது. உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். எத்தனை படி என்று சொல்லுங்கள். உள்ளே வந்ததும் அவர் கையைக் கம்பியின் மேலோ இருக்கையின் முதுகின் மேலோ வையுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தாழ்தளப் பேருந்து வேண்டும். அதன் தரை சாலையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரம். உயர்தள வண்டிகளில் அது 900. தாழ்தள வண்டியில் நாற்காலிக்கென்று விட்டிருக்கும் இடத்தில் மூட்டை வைக்காதீர்கள். ஓட்டுநர் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நடைமேடையை ஒட்டி நிறுத்துங்கள். சாலை நடுவில் நிறுத்தினால், நடைமேடையின் உயரம் வீணாகி முதல் படி இன்னும் ஒரு சாண் உயர்ந்துவிடுகிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு சாண் மலை.

மயக்கம் போட்டு விழுபவர்கள் பெரும்பாலும் காலை வெறும் வயிற்றோடு வந்தவர்கள், அல்லது புழுக்கத்தில் வெகுநேரம் நின்றவர்கள். நம்மவர்கள் உடனே நான்கு பேராகச் சேர்ந்து அவரைத் தூக்கி நிமிர்த்திப் பிடிப்பார்கள். அதுதான் தவறு; மூளைக்கு ரத்தம் போகாததால்தான் மயக்கம் வருகிறது, நிமிர்த்தினால் அது நீடிக்கும். இரண்டு வரிசைக்கு ஆட்களை விலக்கிப் படுக்க வையுங்கள். காலைத் தூக்கி இருக்கையின் மேல் வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஓரிரு நிமிடத்தில் விழிக்கவில்லை என்றால் நடத்துநரிடம் சொல்லி வண்டியை நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

வலிப்பு வந்தால் ஒரே நேரத்தில் பத்து சாவிக்கொத்து நீளும். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்ததால் வந்த நம்பிக்கை அது. சாவி முனை கையைக் கிழிக்கும். பல்லிடுக்கில் எதையாவது திணித்தால் பல் உடையும். கைகால்களை அமுக்கவும் வேண்டாம். தலைக்கடியில் துண்டையோ பையையோ வைத்து, கண்ணாடி போட்டிருந்தால் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சாலை விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றினால் போலீஸ், வழக்கு என்று அலைய வேண்டுமோ என்று தயங்குவோருக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

நெரிசலைச் சாக்காக்கிப் பெண்களிடம் அத்துமீறுபவனைப் பார்த்தால், முதலில் அந்தப் பெண்ணுக்கு இடம் மாற வழி செய்யுங்கள். இருவருக்கும் நடுவே போய் நில்லுங்கள். பிறகு நடத்துநரிடம் சொல்லுங்கள். 2022-இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளின்படி, முறைத்துப் பார்ப்பதும் விசிலடிப்பதும் அனுமதியின்றிப் படமெடுப்பதும்கூடத் தவறு. அப்படிப்பட்டவரை எச்சரிக்க, இறக்கிவிட, காவல் நிலையத்தில் ஒப்படைக்க நடத்துநருக்கு அதிகாரம் உண்டு. நடத்துநர் தனியாக நின்று சொல்வதற்கும், "நானும் பார்த்தேன்" என்று ஒரு பயணி உடன் நிற்பதற்கும் மிகுந்த வேறுபாடு இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அரை மணி நேரம் தாமதமானாலும் நில்லுங்கள். மகளிர் உதவி எண் 181.

இதையும் சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் செலவை அரசுதான் போக்குவரத்துக் கழகத்துக்குத் தருகிறது. அது எல்லாருடைய வரிப்பணம், பெண்களுடையதும் சேர்த்து. ஆகவே "ஓசி" என்ற சொல் வண்டிக்குள் எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது, நடத்துநர் வாயிலிருந்து நிச்சயமாக வரக் கூடாது. சகோதரிகளும் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் இருக்கிறது. பின்னாலிருக்கும் நடத்துநருக்குக் கை மாற்றிக் காசு அனுப்பும்போது, காசோடு ஊர்ப்பெயரும் எத்தனை சீட்டு என்பதும் கைமாற வேண்டும். நடுவில் ஒருவர் சொல்ல மறந்தால் மீதிச் சில்லறையில் சண்டை வரும்.

கைப்பேசியில் ஒலிபெருக்கியைப் போடுவது, வெற்றிலை துப்புவது, மழையில் தன் பக்கத்து ஷட்டரை மட்டும் திறந்து வைப்பது பற்றியெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். தவறவிட்ட பொருள் பற்றி மட்டும் கொஞ்சம். கிடைத்த பர்ஸை உரியவரைத் தேடி நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். இன்னொரு பயணி பார்க்க நடத்துநரிடம் கொடுத்து, வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டவர் முதலில் விசாரிப்பது அந்தத் தடத்தின் பணிமனையில்தான். கைப்பேசி என்றால் அணைத்துவிடாதீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் உரியவர் அழைப்பார்.

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு எங்கள் கோரிக்கை: ஜூன் மாதத்தில் ஒரு நாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு வரிசை நாற்காலிகளை நடுவில் வழிவிட்டுப் போட்டு, பிள்ளைகளை நிற்க வைத்து, உள்ளே நகர்வதையும், பை வாங்குவதையும், முழங்கை கொடுப்பதையும் செய்துகாட்டச் சொல்லுங்கள். அழைத்தால் நாங்கள் வந்து சொல்லிக்கொடுக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற நடத்துநர்கள் சிலர்,
சென்னை