கப்பல் வரட்டும், கரையில் ஆட்களை எண்ணி இறக்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பயணிகள் கப்பல் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிறது என்றதும் ஊரில் எழும் முதற் கேள்வி, “எத்தனை பேர் வருகினம்?” என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி, ஒரே நேரத்தில் ஓரிடத்தில் எத்தனை பேர் இறங்கப் போகிறார்கள் என்பது. ஆயிரம் பேர் வந்தாலும் ஊர் தாங்கும். அவர்களில் நானூறு பேரைக் காலை பத்து மணிக்கு நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவில் கொண்டுபோய் விட்டால் அந்தச் சின்ன மணற்கரை தாங்காது.

இதற்கு முன்மாதிரி வட துருவத்துக்கு அருகே இருக்கிறது. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் பனியும் பாறையுமான இடம். கோடையில் மட்டும் கப்பல்கள் கூட்டமாகப் போகும். அங்கே 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. பெரிய பாதுகாப்புப் பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது. நுழையும் கப்பலும் குறித்துக் கொடுத்த 43 இடங்களில்தான் ஆட்களைக் கரையிறக்கலாம். பனிக்கரடிக்கு 300 மீற்றருக்குள் எவரும் போகக் கூடாது. மார்ச் முதல் யூன் முடியும் வரை அந்தத் தூரம் 500 மீற்றர். 1946க்கு முந்திய மனிதத் தடயம் எதுவாயினும், திமிங்கில வேட்டைக்காரர் விட்டுப்போன உடைந்த பலகையாக இருந்தாலும், சட்டத்தின் காவலில் உள்ளது. அதைத் தொடவும் கூடாது.

அங்கே ஆட்களை இறக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. முதல் இரப்பர் படகில் வழிகாட்டிகள் மட்டுமே போவார்கள். மேட்டில் ஏறிச் சுற்றிலும் பார்த்து, கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கப்பலுக்கு வானொலியில் சொல்வார்கள். அதன் பின் படகுக்குப் பத்துப் பேரளவில் பயணிகள் வருவார்கள். படகில் எழுந்து நிற்கக் கூடாது. பக்கத்து இரப்பர் குழாயில் உட்கார்ந்தபடியே முன்னுக்கு நகர்ந்து, காலைத் தூக்கி வெளியே போட்டு, இரண்டு அலைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். கைகொடுப்பவர் விரலைப் பிடிப்பதில்லை. இருவரும் ஒருவர் மற்றவரின் முன்னங்கையைப் பற்றுவார்கள். ஈரக்கை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. கப்பலை விட்டுப் போகும்போது பயணி தன் இலக்க வில்லையைப் புரட்டிவிட்டுப் போவார், திரும்பியதும் மறுபடி புரட்டுவார். புரளாத வில்லை ஒன்று இருந்தால் ஒருவர் இன்னும் கரையில் நிற்கிறார் என்று பொருள். தென்துருவத்திலோ ஒரே வேளையில் ஓரிடத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்பதும் 20 பேருக்கு ஒரு வழிகாட்டி வேண்டும் என்பதும் வழக்கம்.

நம் கரையில் கரடி இல்லை. ஆனால் முருகைக்கல், அதாவது பவளப்பாறை, இருக்கிறது. காலால் மிதித்தால் உடைகிறது.

புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். மான்கொம்பு போல் கிளைவிடும் முருகை வருடத்துக்கு அரைச் சாண் வளரலாம், ஆனால் உருண்டைக் கல்லாக வளரும் முருகை ஒரு விரற்கடை கூட வளராது. அது மனிதனின் இடுப்பளவு உயர எத்தனை பத்தாண்டுகள் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதை மிதிப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, நீந்தத் தெரியாதவர்கள். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்ததும் பதறி எழுந்து நிற்கிறார்கள். கால் படும் இடத்தில் மணல் இல்லை, முருகைதான் இருக்கிறது. காலில் துடுப்புச் செருப்பும் இருந்தால் ஒரே உதையில் நாலு கிளை போய்விடும். ஆகவே கண்ணாடி பழகுவது மணல் உள்ள பக்கத்தில், முழங்காலளவு நீரில் நடக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தைக் கழுவி, தலைமயிர் ஓரத்தில் சிக்காமல் மாட்டி, மூச்சை உள்ளிழுத்துப் பார்த்தால் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு கண்ணாடி கொடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். நீந்தத் தெரிந்தவருக்கும் மிதவை அங்கி கட்டாயம், ஏனென்றால் அங்கி போட்டவர் களைத்தால் மிதப்பாரே தவிர எழுந்து நிற்க மாட்டார். எட்டுப் பேருக்கு ஒருவர் தண்ணீரில் கூடவே இருக்க வேண்டும். வெயில் தடுப்புக் களிம்பு பூசுவோருக்குக் கைநீளச் சட்டை கொடுப்பது நல்லது. ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் கலந்த களிம்பு முருகைக்குக் கேடு என்று ஹவாய் 2021இல் அதன் விற்பனையையே நிறுத்தியது. வள்ளக்காரர் நங்கூரத்தை முருகைமேல் போடாதிருக்க நிலையான கட்டுமிதவைகள் வேண்டும். இருப்பவை போதா.

இதில் இன்னொரு சிக்கல், காலம். உலகக் கப்பல்கள் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் நம் பக்கம் சுற்றுகின்றன. அது நமக்கு வாடைக் காலம், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலம். நிலாவெளிக் கடல் கொந்தளிக்கும், கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆண்டின் நடு மாதங்களில் இதே கடல் குளம்போல் கிடக்கும். 2023 யூனில் சென்னையிலிருந்து வந்த கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைகளையும் தொட்டதை நினைத்துப் பார்க்கலாம். நமக்கு ஏற்றவை அந்த மாதங்களே. சுற்றுலா ஒழுங்கு செய்வோரே, வாடையில் வரும் கப்பலுக்குப் புறாத்தீவை விற்காதீர்கள். உப்புவெளிப் போர்க் கல்லறை, ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் உள்ள கடல்சார் அருங்காட்சியகம், சல்லி அம்மன் கோயில் என்று கரையிலேயே பார்க்க நிறைய உண்டு.

கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் பஸ்களை அரை மணி இடைவெளி விட்டு அனுப்புங்கள். அங்கே நாலு பஸ் ஒன்றாக நுழைந்தால் திரும்ப இடமில்லை, பூசைக்கு வரும் சனத்துக்கும் வழியில்லை. மதியம் நடை சாத்திய பிறகு வருபவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். பத்து மணிக்குப் பிறகு அங்கே கல் சுடும். செருப்பைக் கழற்றச் சொன்னதும் முதியவர்கள் நுனிக்காலில் தத்தித் தத்திப் போகிறார்கள், படியில் தடுக்கி விழுகிறார்கள். தடித்த பருத்திக் காலுறை ஒரு சோடி கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு எதையும் ஊட்டக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். பிஸ்கட் உறையையும் சேர்த்துத் தின்றுவிட்டு அவை சாகின்றன.

கன்னியாவில் பேச்சைத் தாழ்த்த வேண்டும். வெளியாருக்கு அது ஏழு வெந்நீர்க் கிணறு. நமக்கோ இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம். இன்றும் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே வருகிறோம். ஈரத்துணியோடு நிற்கும் ஒரு குடும்பத்தின் முகத்துக்கு நேரே கமெராவை நீட்டுவது பொறுக்கக் கூடியதல்ல. கிரியை நடக்கிறதா என்று வழிகாட்டி முன்னால் போய்ப் பார்த்த பிறகே ஆட்களைப் பஸ்ஸிலிருந்து இறக்க வேண்டும். துருவத்தில் கரடிக்குச் செய்யும் ஏற்பாட்டை இங்கே துயரத்தில் இருப்பவர்களுக்காகச் செய்யலாம்.

முச்சக்கர வண்டிக்காரருக்கும் ஒரு சொல். கப்பலில் சீட்டு வாங்கிய சுற்றுலா பிந்தினால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தெருவில் உங்களோடு பேசிப் புறப்பட்டவருக்காகக் காத்திருக்காது. அவர் கையில் கட்டியிருப்பது கப்பல் நேரமாக இருக்கலாம். மாலைதீவிலிருந்து வந்த கப்பலின் மணி மாற்றப்படாவிட்டால் நம் மணிக்கு அரை மணி பின்னால் நிற்கும். ஏற்றும் முன் இரண்டு மணிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புறப்பாட்டு நேரத்தைக் கேட்காமல், கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்தைக் கேளுங்கள். அதற்கும் ஒரு மணி முந்தி இறங்குதுறையில் விட்டுவிடுங்கள்.

வனசீவராசிகள் திணைக்களம், துறைமுக அதிகார சபை, கோயில் பரிபாலனம், வள்ளக்காரர் ஆகியோர் கப்பல் வருவதற்கு ஒரு கிழமை முன்பே ஒரு மேசையில் உட்கார வேண்டும். எந்த மணிக்கு எங்கே எத்தனை பேர் என்று ஒரே தாளில் எழுதி, அதன் பிரதியை நிலாவெளிச் சீட்டுக் கூடத்தில் ஒட்ட வேண்டும். புறாத்தீவுக்கு ஒரு வேளையில் அறுபது பேர் என்று தொடங்கலாம் என்பது எங்கள் கணிப்பு. ஒரு பருவம் பார்த்துவிட்டு, முருகையின் நிலையைக் கொண்டு அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

நிலாவெளி, உப்புவெளி வழிகாட்டிகளும் வள்ளக்காரரும்,
திருகோணமலை.